யாருக்கும் சொல்லாதே என்று நான் சொன்ன நாள்

செழியா,

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "நீ எப்பவாச்சும் இந்த மாதிரி தப்பா சொல்லி மாட்டியிருக்கியாமா?" என்று கேட்டாய். "அதெல்லாம் எத்தினியோ வாட்டிடா, நீ சாப்டியா?" என்று சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டேன். நீ கொடுத்த சூறைக்காற்று எச்சரிக்கையை நம்பி உன் கரையில் ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. சாயங்காலம் வரை காயப்போட்ட துணிகூட அசையவில்லை. மறுநாள் அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டுத் திட்டியிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதத்திலேயே இப்படி ஆகிவிட்டதே என்று புலம்பினாய். அதுவரைக்கும் எனக்குக் கவலை இல்லை. திட்டு வாங்காமல் யாரும் வானிலைக்காரர் ஆனதில்லை. ஆனால் போனை வைக்கும் முன் நீ ஒன்று சொன்னாய்: "இனிமே நூத்துக்கு நூறு உறுதியா தெரிஞ்சாதான் எழுதுவேன்." அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதே முடிவை நானும் ஒரு முறை எடுத்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பதை இத்தனை வருடமாக உன்னிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கிறபடி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்த தப்பே, எல்லோருக்கும் சொல்ல வேண்டியதை ஒருத்தருக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னதுதான். அதைத் திரும்பவும் ஒரு ரகசியக் கடிதமாக எழுதினால் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று ஆகிவிடும். காலாப்பட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் இது. தெரியாதவன் நீ ஒருவன்தான். நான் வேலை பார்த்த வானிலை நிலையத்தின் பெயரை எழுதவில்லை. தப்பு என்னுடையது, மற்றவர்களை ஏன் இழுக்க வேண்டும். ஊர்க்காரர்கள் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது, இப்ப என்ன" என்று ஊரிலிருக்கும் அஞ்சலை அண்ணி சொல்லிவிட்டார்.

நான் காலாப்பட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். எங்கள் தெருவில் இயற்பியல் படித்த முதல் பெண் நான்தான். கல்யாணமாகி உப்பளத்துக்கு வந்தேன். உன் அப்பா அங்கே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நான் தினமும் விடியற்காலை பஸ் பிடித்து, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, ரேடார் நிலையத்துக்குப் போய் வருவேன். உனக்குத் தலை வாரிவிட்டது, டிபன் கட்டியது, பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தது எல்லாம் அப்பாதான். விரல் இடுக்கில் வார்னிஷ் காயாமல் வந்து உட்காருவார் என்று நீ சிணுங்கியது நினைவிருக்கும். அவர் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்ததால்தான் நான் இந்தப் பக்கத்தில் நின்று வேலை பார்க்க முடிந்தது. நாளை உனக்குக் கல்யாணம் ஆகும்போது இதை மறக்காதே. அறிவுரை என்று கேட்டால் இந்த ஒன்றை நான் எதற்கும் முன்னால் வைப்பேன்.

ரேடாரைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு வரி. உயரமான கோபுரத்தின் மேல், பெரிய வெள்ளைப் பந்துக்குள், ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அது வீசும் அலை மேகத்துக்குள் இருக்கிற மழைத்துளியில் பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்பதை வைத்து உள்ளே எவ்வளவு நீர் இருக்கிறது என்று தெரியும். துளிகள் நம்மை நோக்கி வருகின்றனவா விலகிப் போகின்றனவா என்பதும் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒரு படம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று திரையில் நிறம் ஏறும்போது அங்கே மேகம் வளர்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்த அலை நேர்கோட்டில் போகும், பூமி வளைந்து இறங்கும். தூரம் போகப் போக ரேடாரின் பார்வை தரையை விட்டு மேலே எழும்பிவிடும். எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் தரையில் என்ன காற்று அடிக்கிறது என்பதை நேராகப் பார்க்க முடியாது, மேலே பார்த்ததை வைத்துக் கீழே என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலின் சங்கடம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நீ நாலாம் வகுப்பு படித்த வருடம், ஆவணி மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை நான் இதே மாதிரி எச்சரிக்கை எழுதினேன். மேற்கே பெரிய மேகக்கூட்டம், மாலைக்குள் கரைக்கு வரும், பலத்த காற்று வீசும் என்று எழுதினேன். அது திண்டிவனத்தைத் தாண்டவே இல்லை, அங்கேயே கரைந்துவிட்டது. காலாப்பட்டு, வீராம்பட்டினம், கடலூர் வரைக்கும் படகெல்லாம் கரையில் கிடந்தது. மறுநாள் எனக்கு மேலே இருந்தவர் எல்லோர் முன்னாலும், "காத்தே இல்லாத நாள்ல காத்து எச்சரிக்கை குடுத்த ஒரே ஆள் நீங்கதான் மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரம் ஊருக்குப் போனபோது மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஒருவர், "வாம்மா காத்து, இன்னிக்கி அடிப்பியா மாட்டியா?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு உள்ளே குத்தியது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, நீ சொன்ன அதே வார்த்தையை எனக்குள் சொல்லிக்கொண்டேன். இனி உறுதியாகத் தெரியாமல் ஒரு எழுத்தும் எழுதுவதில்லை.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. பகல் இரண்டே முக்காலுக்குச் செஞ்சி மலைக்கு மேற்கே மேகங்கள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வரிசை கட்டுவதைத் திரையில் பார்த்தேன். அடுத்த படத்தில் அந்த வரிசையின் நடுப்பகுதி முன்னால் தள்ளிக்கொண்டு வில் மாதிரி வளைந்திருந்தது. அப்படி வளைந்தால் பின்னாலிருந்து காற்று வேகமாகத் தள்ளுகிறது என்று படித்திருக்கிறேன். அந்த வில்லுக்கும் முன்னால், மழையே இல்லாத இடத்தில், நூல் பிடித்தது போல ஒரு மெல்லிய கோடு மங்கலாகத் தெரிந்தது. மேகத்திலிருந்து குளிர்ந்து விழுகிற காற்று தரையில் பட்டு நாலாபக்கமும் பரவும்போது தூசியையும் பூச்சிகளையும் வாரிக்கொண்டு வரும். ரேடாரில் அது அப்படித்தான் தெரியும். எனக்கு அது தெரியும், செழியா. தெரிந்தும், இது வெறும் பூச்சிக் கூட்டமாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் இரண்டு படம் வரட்டும், உறுதியாகட்டும் என்று எச்சரிக்கைத் தாளை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது மணி மூன்று ஆகப் போகிறது. காலாப்பட்டில் ஃபைபர் படகுகள் இறங்குகிற நேரம். எழுந்து வராந்தாவுக்குப் போய், கலியமூர்த்தி அண்ணனுக்கு, உன் மாமாவுக்கு, போன் செய்தேன்.

"அண்ணா, இன்னிக்கி போவாத."

"ஏம்மா? இப்பதான் டீசல் ஊத்திட்டு நிக்கறேன்."

"மேக்கால ஒண்ணு வருது. உறுதியா சொல்ல முடில. நீ போவாத, அவ்ளோதான்."

அண்ணன், "மத்தவங்க எல்லாம் தள்ளிட்டிருக்காங்க. சொல்லட்டா?" என்று கேட்டார்.

"வேணாம். யாருக்கும் சொல்லாத. நான் இன்னும் எழுத்துல குடுக்கல. அப்பறம் இதுவும் வரலன்னா எனக்குத்தான் அசிங்கம்."

"சரி" என்று வைத்துவிட்டார். செழியா, நான் இந்த வேலையில் எத்தனையோ எச்சரிக்கைகள் எழுதியிருக்கிறேன், எத்தனையோ தடவை சறுக்கியிருக்கிறேன். அவை எதுவும் என்னை உறுத்தவில்லை. அந்த வராந்தாவில் பேசிய அந்த நாலு வார்த்தைதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஊருக்குச் சொல்லும் அளவுக்கு உறுதி இல்லை என்று நினைத்த ஒன்று, என் அண்ணனைக் கடலுக்கு அனுப்பாமல் நிறுத்தும் அளவுக்கு உறுதியாக இருந்தது. அப்படியென்றால் எனக்குக் குறைந்தது உறுதி இல்லை, தைரியம்தான். இரண்டும் வேறு என்று புரியாமல் போய்விட்டது.

மூன்று நாற்பதுக்கு எச்சரிக்கையை எழுதி அனுப்பினேன். அதற்குள் வில் முழுதாக விரிந்துவிட்டது, யாருக்கும் சந்தேகம் வராத அளவுக்கு. சேதி கரையை எட்டும்போது படகுகள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நாலு இருபதுக்குக் காற்று அடித்தது. முதலில் மழை வரவில்லை. வெயில் இருக்கும்போதே மேற்கே செம்மண் சுவர் மாதிரி புழுதி எழுந்து வந்தது என்று பிறகு சொன்னார்கள். உலர்த்தியிருந்த கருவாடெல்லாம் பாயோடு பறந்தது. ஏலக்கூடத்தின் தகரம் பிய்ந்தது. பெரும்பாலான படகுகள் மேற்கு கறுப்பதைப் பார்த்து வலையை அறுத்துவிட்டுக் கரைக்குத் திரும்பிவிட்டன. ஏழுமலை அண்ணன் படகு மட்டும் வரவில்லை. அவரும் அவர் மச்சினரும் அதில் போயிருந்தார்கள். அஞ்சலை அண்ணி, நீ அத்தை என்று கூப்பிடுகிற அதே அஞ்சலை, கரையில் நின்றுகொண்டிருந்தார். ஏழுமலை அண்ணன் அவர் வீட்டுக்காரர்.

திரும்பி வந்த படகுகளெல்லாம் தண்ணீர் ஏறிக் கிடந்ததால், காற்று கொஞ்சம் தணிந்ததும் கடலுக்குப் போக ஒரு படகுதான் தயாராக இருந்தது. உன் மாமாவின் படகு. டீசல் ஊற்றியபடி, வலை ஏற்றியபடி, கரையிலேயே நின்றிருந்தது. வலையை மணலில் தள்ளிவிட்டு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு அவர் போனார். இருட்டுவதற்குள் கவிழ்ந்த படகைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். மச்சினருக்கு ஒன்றும் இல்லை. ஏழுமலை அண்ணனின் வலது கை, படகு புரளும்போது இன்ஜினுக்கும் பலகைக்கும் நடுவே மாட்டி நசுங்கியிருந்தது. உயிர் பிழைத்தார். கை திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவரால் வலை இழுக்க முடியவில்லை, சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்க ஆரம்பித்தார்.

அன்றைக்குக் கரையில் எல்லோரும் மாமாவைத் தட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அப்போது யாரோ சும்மா கேட்டிருக்கிறார்கள், "நல்ல வேள கலியமூர்த்தி, நீ போவல. ஏன் போவல?" அவர், "ஒடம்பு சரியில்ல" என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். அந்தப் பொய்யோடு ஒரு வாரம் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் ஏழுமலை அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த அன்று, ஊர்க் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டார். அதன் பிறகு படகு தள்ள அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்குப் போன் செய்து, "நீ சொல்லி நான் மறைச்சேன். இப்ப நான் நிக்கறேன் ஊரு முன்னால. நீயும் வந்து நில்லு" என்றார். போனை வைத்துவிட்டார்.

உன் அப்பாவிடம் அன்றுதான் முழுவதையும் சொன்னேன். கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். கேட்டுவிட்டு, "எரிஞ்சது எங்கன்னு தெரிஞ்சிடுச்சில்ல. அப்ப சரி பண்ணலாம். போய்ட்டு வா" என்றார். நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை. நான் தனியாகப் போக வேண்டிய இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை காலாப்பட்டுக்குப் போனேன். வலை பின்னும் கொட்டகையில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். நான் பாவாடை கட்டி ஓடித் திரிந்த இடம் அது. அங்கே என்னை ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். எத்தனை மணிக்குப் பார்த்தேன், எத்தனை மணிக்கு அண்ணனுக்குச் சொன்னேன், எத்தனை மணிக்கு எழுதினேன், எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்கும் சொல்லாதே என்று சொன்னது நான்தான், அண்ணன் கேட்டார், நான் தடுத்தேன் என்றும் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், "ஒங்கண்ணன் உசுருதான் உசுரா, எங்களுது எல்லாம் என்ன?" என்று கேட்டார்.

அப்போதுதான் அஞ்சலை அண்ணி பேசினார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"ஏன் சொல்லல நீ?"

"போன வாட்டி சொன்னேன் அண்ணி, வரல. எல்லாரும் சிரிச்சாங்க. இந்த வாட்டியும் உறுதியா தெரியல."

"சிரிச்சா என்னா? சிரிச்சிட்டுப் போறோம். ஒரு நாளு கடலுக்குப் போவலன்னா மறுநாளு போவோம். இவரு கையி மறுநாளு வருமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விடவில்லை.

"ஒனக்கு சந்தேகமா இருந்துச்சா, சந்தேகமா இருக்குதுன்னு சொல்லு. இங்க இருக்கறவங்க நாப்பது வருசமா கடல பாத்தவங்க. போறதா வேணாமான்னு நாங்க பாத்துக்கறோம். எங்களுக்குப் பதிலா நீ ஒக்காந்து முடிவு பண்ணாத."

நான் படித்த புத்தகம் எதிலும் இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. எச்சரிக்கை கொடுப்பது என்றால் சரியாகச் சொல்லி மெடல் வாங்குவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பதை அவர்களும் பார்க்கும்படி செய்வதுதான் என் வேலை, முடிவு அவர்களுடையது என்று அந்தக் கொட்டகையில்தான் கற்றேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில், எச்சரிக்கை எழுதும் முன் சொந்தக்காரருக்குத் தனியாகத் தகவல் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என்னை முன்கணிப்பு மேசையிலிருந்து எடுத்துவிட்டு, பழைய ரேடார் படங்களைச் சரிபார்த்து அடுக்கும் வேலையில் போட்டார்கள். தண்டனைதான். ஆனால் செழியா, என் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றது அந்த அறையில்தான். மேற்கிலிருந்து வந்த ஒவ்வொரு மேகக்கூட்டத்தையும் ஒவ்வொரு படமாக ஓட்டிப் பார்த்தேன். அந்த மெல்லிய கோட்டைத் தேடினேன். பல நாட்களில் அது இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. ஆனால் அது கரையை எப்போது தொட்டது, தொட்டபோது எவ்வளவு வேகம் என்பது படத்தில் இல்லை. ரேடார் அங்கே தரையைப் பார்ப்பதில்லை.

தரையில் நின்று பார்த்தவர்கள் யார் என்று யோசித்தேன். கருவாடு காயவைக்கும் பெண்கள். காற்று மாறினால் முதலில் ஓடுவது அவர்கள்தான். தயங்கித் தயங்கி அஞ்சலை அண்ணியிடம் போய்க் கேட்டேன். "காத்து அடிக்கிறப்ப மணி பாத்து சொல்லணும், அவ்ளோதானே?" என்றார். அடுத்த மழைக்காலத்திலிருந்து அவரும் இன்னும் நாலு பெண்களும் போனில் சொல்ல ஆரம்பித்தார்கள். "இப்ப திரும்பிச்சி." "இப்ப பாயி தூக்குது." "இப்ப மண்ணு கண்ல விழுது." நான் அந்த நேரத்தைப் படத்தோடு வைத்துப் பார்ப்பேன். இரண்டு வருடத்தில், கோடு எந்த இடத்தில் இருந்தால் கரைக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்த மாதிரிக் கோடு வழியிலேயே கலையும் என்று எங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. பூரணமான பிடி இல்லை. ஆனால் முன்பு கையில் ஒன்றுமே இல்லை. பாய் தூக்கினால் எவ்வளவு வேகம் என்று என் மேலதிகாரி கேட்டபோது, நான் ஒரு கருவாட்டுப் பாயையே பஸ்ஸில் கொண்டுபோய்க் காட்டினேன். நாற்றத்தில் அந்த அறையை மறுநாளும் யாராலும் பயன்படுத்த முடியவில்லை. ஆனால் அதன் பிறகு என்னைத் திரும்பவும் மேசைக்கு அழைத்தார்கள்.

உன் மாமா இரண்டு பொங்கலுக்கு நம் வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று நீ கேட்டாய். அவருக்கு வேலை என்று பொய் சொன்னேன். அவர் கோபம் நியாயமானது. உயிரைக் காப்பாற்றினேன் என்று நான் நினைத்தேன். ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாமல் செய்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். இரண்டும் நடந்ததுதான். மூன்றாவது வருடம் நாம் மூலக்குளத்துக்குக் குடிவந்தபோது, பால் காய்ச்சுகிற அன்று வாசலில் வந்து நின்றார். "வூடு நல்லா காத்தோட்டமா இருக்குது" என்றார். அவ்வளவுதான், உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் ஏழுமலை அண்ணன் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. கோயில் மைக்கில் என் எச்சரிக்கையை ஊருக்கு வாசித்தவர் அவர்தான். ஒரு வார்த்தை விடாமல் திருத்தமாக வாசிப்பார். எதிரில் பார்த்தால் வேறு பக்கம் போய்விடுவார். அதை நான் ஏற்றுக்கொண்டேன். மன்னிப்பு கேட்பது நம் வேலை. கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம்.

நீ ஏழாவது படிக்கும்போது விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் நடந்தது நினைவிருக்கிறதா? மழைக்கு வாய்ப்பு இருக்கிறது, உறுதியில்லை என்று நான் எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் விழாவைத் தள்ளிவைத்தார்கள். மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. "ஒங்கம்மாவாலதான்டா" என்று பையன்கள் உன்னைப் படுத்தியிருக்கிறார்கள். நீ அழுதுகொண்டே வந்து, "ஏம்மா சரியா தெரியாததயெல்லாம் சொல்ற?" என்று கேட்டாய். அன்றைக்கே உனக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அம்மா தன் தப்பைச் சொல்லக் கூடாது என்று நினைத்துவிட்டேன். பிள்ளைகள் அம்மாவின் தப்பைத் தாங்கமாட்டார்கள் என்று நினைப்பதும் ஒரு கோழைத்தனம்தான். நீ தாங்கியிருப்பாய். இன்று இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வந்தால், அதையும் நான் தாங்குவேன்.

ஆகவே இப்போது நீ என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். திரையில் தெரிவதை எழுது. தெரியாததையும் எழுது. "மேற்கே மேகம் வரிசை கட்டுகிறது, கரைக்கு வரலாம், வராமலும் போகலாம், அரை மணியில் மறுபடி சொல்கிறோம்" என்று எழுதுவதில் ஒரு அவமானமும் இல்லை. சொன்ன அரை மணியில் கட்டாயம் மறுபடி சொல். காற்று வரவில்லை என்றால் அதையும் நீயே முதலில் சொல், அவர்கள் போன் போடும்வரை காத்திருக்காதே. உன் கரையில் யார் பாய் விரிக்கிறார்கள், யார் வலை உலர்த்துகிறார்கள் என்று போய்ப் பார். அவர்கள் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள். உனக்கு வேண்டியவர்களுக்கு எதைச் சொல்லத் தோன்றுகிறதோ, அதை அந்த நிமிடமே எல்லோருக்கும் சொல். எழுதலாமா வேண்டாமா என்று கை தயங்கினால் உன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்: இன்றைக்கு அந்தப் படகில் மாமா இருந்தால் நான் என்ன செய்வேன்? அதற்கு மேல் உறுதி எதுவும் தேவையில்லை.

நான் ஓய்வு பெற்ற நாள் என்ன நடந்தது என்று அப்பா உனக்குச் சொல்லியிருக்கமாட்டார். மாலை போட்டு, கேக் வெட்டி, எல்லாம் முடிந்த பிறகும் நான் பகல் ஷிப்டை முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று உட்கார்ந்தேன். இரண்டரை மணிக்கு மேற்கே கோடு தெரிந்தது. எழுதினேன். அது விக்கிரவாண்டியைத் தாண்டிக் கலைந்தது. முப்பத்தோரு வருடத்தில் நான் எழுதிய கடைசி எச்சரிக்கை பலிக்கவில்லை. கலைந்துவிட்டது என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அஞ்சலை அண்ணி போன் செய்தார்.

"என்னா, இன்னிக்கும் வரல?"

"வரல அண்ணி. கடைசி நாளும் தப்பாப் போச்சு."

"தப்பு என்னா இதுல? எல்லாம் வூட்லதான் இருக்குதுங்க. இந்த மனுசன் கூட சைக்கிள தொடச்சிட்டு ஒக்காந்துகினு இருக்காரு. நீ எறங்கி பத்திரமா போ."

அன்றைக்கு எனக்குக் கிடைத்த மாலையைவிட அந்தப் போன் எனக்குப் பெரிது. வானம் தெளிந்து கிடந்தது. வழி நெடுகக் கடற்கரையில் படகுகள் வரிசையாகத் தூங்கின, ஒன்றுகூடக் குறையவில்லை. நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நாளைக் காலை உனக்கு ஷிப்ட் இருக்கிறது என்று தெரியும். போய் உட்கார்ந்து எழுது, செழியா. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரிக்க அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

உன்னை நம்பி,
அம்மா